கடைசிப் படியில் மெழுகுவர்த்தி

செப்டம்பர் 18

மூன்று நட்சத்திரம்.

போன வாரம் இரட்டைப் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போன திபிலிசிக்காரி நம் விருந்தினர் விடுதியின் இணையப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். மகள் டெக்லா போனில் படித்துக் காட்டினாள். சாப்பாடு அபாரமாம். வீட்டு மது அபாரமாம். வீட்டுக்காரர் விருந்தில் பேசுவதைக் கேட்கவே இன்னொரு முறை வரலாமாம். ஆனால் மது அறையின் படியில் மெழுகுவர்த்தியை எரியவிட்டிருக்கிறார்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் யோசித்து வரவும் என்று முடித்திருக்கிறாள். இரண்டு அபாரத்துக்கு மூன்று நட்சத்திரமா? அவள் பெற்ற இரண்டும் என் கோழிகளைத் துரத்திய துரத்தலில் அவை முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. அதற்கு நான் எங்கே போய் எழுதுவது?

"அம்மா, குடும்பத்தோட வர்றவங்கதான் நமக்கு வேணும்னு நீதானே சொன்னே? தீ எரியுதுன்னு ஒருத்தி எழுதினா நூறு பேர் படிப்பாங்க" என்றாள் என் மகள். திபிலிசியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் நான்கு அறைகளையும் ஊருக்கெல்லாம் காட்டுவது அவள் வேலை.

என் வீட்டுக்காரர் வாஷாவிடம் சொன்னேன். திராட்சைக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "அது வெளிச்சத்துக்கு வைக்கிறது இல்ல" என்றார். அவ்வளவுதான். விருந்து மேசையில் கொம்புக் கோப்பையைக் கையில் எடுத்தால் அரை மணி நேரம் பேசுகிற மனிதர். மற்ற நேரத்தில் ஒரு வாக்கியத்துக்கு மேல் போனால் வாய் வலித்துவிடும்.

எதற்கு வைக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நான் ருஸ்தாவி இரும்பாலைக் குடியிருப்பில் பிறந்தவள்தான். ஆனால் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மண்ணில் புதைத்த சாடிகளில் சாறு பொங்குகிற நாட்களில் கெட்ட காற்று தரையோடு தேங்கும், மெழுகுவர்த்தி அணைந்தால் உள்ளே போகாதே என்று இங்கே மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது அது அணைந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 24

அறுவடை. இடுப்பு கழன்று தனியாக நடக்கிறது. மற்றது நாளை.

செப்டம்பர் 29

டெக்லாவிடமிருந்து பொட்டலம் வந்தது. மது அறைக்கு மாட்ட விளக்குச் சரம், குழந்தைகளுக்குச் சின்ன மேலங்கிகள், அப்புறம் மூன்று பேட்டரி மெழுகுவர்த்திகள். அசல் மெழுகு நிறம். பக்கத்தில் உருகி வழிந்தது போலக்கூடச் செய்திருக்கிறார்கள். அடியில் உள்ள பொத்தானை அமுக்கினால் மேலே பிளாஸ்டிக் தீ நடுங்குகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

விளக்குச் சரத்தை மாட்ட வாஷாவும் வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இனிமே மெழுகுவர்த்தி வேண்டாமே" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

"வேணும்."

"குழந்தைங்க வர்ற இடம் வாஷா. பாவாடையில பட்டா?"

"எங்கப்பா வச்சாரு, நானும் வைப்பேன். விடு."

விட்டேன். ஆனால் எனக்கு எரிச்சல். படியில் இருக்கிற தகரக் குவளையில் பேட்டரி மெழுகுவர்த்தியை வைத்தால் இந்த மனிதருக்குத் தெரியவா போகிறது? கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்கு வருஷமாகச் சொல்கிறேன்.

அக்டோபர் 5

குத்தாயிசியிலிருந்து குடும்பம் வந்துவிட்டது. பேசோ, அவர் மனைவி ஹாத்தியா, ஏழு வயது மகள் நுத்சா. இரண்டு நாள் தங்குகிறார்கள். மேற்குப் பக்கத்து ஆட்களுக்கே உரிய மரியாதை, வாசலில் நுழைவதற்குள் நான்கு முறை நன்றி சொன்னார் பேசோ. இங்கே நாங்கள் ஒரு வருஷத்துக்கு அவ்வளவு சொல்வோம்.

நுத்சா வந்த நிமிஷத்திலிருந்து என் பின்னாலேயே சுற்றினாள். களிமண் அடுப்பின் சுவரில் ரொட்டியை அறையவேண்டும் என்று அடம். தலையை உள்ளே விடாதே என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறைய விட்டேன். அவள் ரொட்டி செருப்பு மாதிரி வந்தது, அதைத்தான் முதலில் தின்றாள். பிறகு வால்நட் பருப்புகளை நூலில் கோத்தாள். ஏழு வயது, அதனால் ஏழு பருப்பு. காய்ச்சிய திராட்சைக் கூழில் அதை முக்கி முக்கி எடுத்துக் கொடியில் தொங்கவிட்டோம். என் நீளச் சரங்களுக்கு நடுவே அவளுடையது கட்டை விரல் அளவு இருக்கிறது.

சாயங்காலம் திராட்சைச் சுள்ளி நெருப்பில் இறைச்சி சுட்டோம். வாஷாதான் தமதா, விருந்தை நடத்திச் செல்கிறவர். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் இல்லாமல் ஒரு கல்யாணம் கிடையாது. சமாதானத்துக்கு, பெற்றவர்களுக்கு, போனவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொம்பை உயர்த்தினார். நுத்சா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "கொம்புப் பெரியப்பா, என் பேருக்கும் சொல்லுங்க" என்றாள். தனியாக ஒன்று சொன்னார்.

பேசோவுக்கும் அவருக்கும் அப்புறம் வழக்கமான சண்டை.

"உங்க ஊர்ல தோலைப் போடாம வடிகட்டிடுவீங்களே, அதுக்குப் பேரு மதுவா? காய்ச்சல்காரனுக்குக் குடுக்கறது" என்றார் வாஷா.

"உங்களுது தேநீர் மாதிரி இருக்கு பெரியவரே, சர்க்கரை போட்டுக்கலாமா?" என்றார் பேசோ.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாளை காலை சாடிகளைப் பார்க்கப் போகிறார்கள்.

அக்டோபர் 6, காலை

வைத்துவிட்டேன்!

வாஷா விடியற்காலை சாடிகளைக் கிளறிவிட்டு, குவளையில் புது மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, பிந்திய கருப்புத் திராட்சையைக் கொண்டுவர வண்டியோடு போயிருக்கிறார். நான் அதை ஊதி அணைத்து எடுத்துவிட்டு பேட்டரிக்காரனை உள்ளே வைத்தேன். நடுங்குகிறது பார், அசல்! குளவித் தொல்லை வேறு, குழந்தையைக் கொட்டிவிடும் என்று கதவையும் சாத்திவிட்டேன். இன்று விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டி மனிதர் மானத்தை வாங்கவேண்டும்.

அக்டோபர் 6

என்ன எழுதுகிறேன்.

உயிரோடு இருக்கிறாள். உயிரோடுதான் இருக்கிறாள். தெலாவி ஆஸ்பத்திரியில். முதலில் அதை எழுதிக்கொள்கிறேன்.

பதினொரு மணி இருக்கும். நான் முற்றத்தில் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். திராட்சையோடு திரும்பி வந்த வாஷா மது அறைக் கதவைத் திறந்தார். மேல்படியில் நின்று கீழே பார்த்தார். "எரியுது, வாங்க" என்றார். இதைக் கேட்டேன். என் காதால் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயோ, சிரிச்சேனே.

நுத்சா ஓடினாள். ஐந்து படி இறங்கி நேராகக் கடைசிச் சாடி வரைக்கும், பெரியது, பொங்குகிற சத்தம் வெளியே கேட்குமே அது. ஆண்கள் இரண்டு பேரும் நடுப்படியில் நின்று மறுபடியும் தோல் போடுவதா வேண்டாமா என்று. ஹாத்தியா என் பக்கத்தில் நின்று கொடியில் தொங்கும் மகளின் வால்நட் சரத்தைப் படம் எடுத்தாள்.

"நுத்சா? அம்மாடி, என்ன பண்றே?"

பதில் இல்லை. பேசோவின் குரல் இரண்டாவது முறை வேறு மாதிரி வந்தது.

குந்தி உட்கார்ந்து சாடிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் தலை மேலே இருக்கிறது. அவள் தலை தரையோடு. கெட்ட காற்று அங்கேதானே கிடக்கும். குப்புற விழுந்து கிடந்தாள், ஒரு கை சாற்றுக்குள். வாஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். பேசோ பின்னால் ஓடினார், இரண்டு எட்டில் முழங்கால் மடிந்து சரிந்தார். வாஷா பிள்ளையை வெளியே போட்டுவிட்டுத் திரும்பி ஓடி அவரையும் இழுத்து வந்தார். அறுபது வயசு அவருக்கு.

உதடு நீலம். நான் பார்த்தேன். திராட்சை நீலம்.

பக்கத்து வீட்டு நர்கிஸா நர்ஸ் வேலை பார்த்தவள். வேலியைத் தாண்டி வந்தாள். வாயில் வாய் வைத்து ஊதினாள், ஊதினாள். ஹாத்தியா கத்தவில்லை. "அம்மாடி, அம்மாடி, அம்மாடி" என்று மட்டும். பிறகு நுத்சா இருமினாள். வாந்தி. அழுகை. அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

வாஷா மண்ணில் உட்கார்ந்திருந்தார். "எரிஞ்சுதே. நான் பார்த்தேனே. எரிஞ்சுட்டுத்தானே இருந்தது" என்றார். யாரிடமும் இல்லை.

நான் என்ன செய்தேன்? எல்லாரும் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி குவளையிலிருந்து அதை எடுத்தேன். மேலங்கிப் பையில் போட்டேன். ஏன் எடுத்தேன்? யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. பைக்குள் அது இன்னும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. பொத்தான் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 7

நுத்சாவை நாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். பேசோ எங்களைப் பார்க்க மறுத்துவிட்டார். வாஷா கொண்டுபோன ரொட்டியும் கோழி சூப்பும் வராந்தா பெஞ்சிலேயே இருந்தன.

மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இளைஞன், மரியாதையாகத்தான் கேட்டான்.

"மெழுகுவர்த்தி வைக்கலையா ஐயா?"

"வச்சேன். எரிஞ்சது."

"அணைஞ்சிருந்திருக்கும்."

"எரிஞ்சது தம்பி. பார்த்துட்டுத்தான் வாங்கன்னு சொன்னேன். மூக்குல சுருக்குன்னு குத்திச்சு, உண்மை. ஆனா தீ எரிஞ்சுதே, அதனால நம்பினேன்."

போய்ப் பார்த்தார்கள். குவளை காலி. ஒரு துளி மெழுகுகூட இல்லை. வாஷா குவளைக்குள் விரலை விட்டுத் துழாவினார். குவளையைக் கவிழ்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், என்னிடம் கேட்பதற்காக இல்லை, தன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல. நான் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை கோப்பை குடிச்சிருந்தீங்க ஐயா, காலையில?" என்று கேட்டான் அந்தப் பையன். வாஷாவை. பகல் விருந்துக்கு முன்னால் ஒரு சொட்டு தொடாத மனிதரை.

நான் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 8

வாஷா மது அறைக்குள் போக மாட்டேன் என்கிறார். நாளுக்கு நான்கு முறை கிளறாவிட்டால் மேலே மிதக்கிற தோல் காய்ந்து சாடி சாடியாகக் காடியாகிவிடும். இரண்டு நாள் ஆகிவிட்டது. ஒரு வருஷத்து உழைப்பு. "போகட்டும்" என்றார்.

நானே போனேன். கதவு காலையிலிருந்து திறந்தேதான் இருந்தது. அசல் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிக் கையில் தாழ்த்திப் பிடித்து இறங்கினேன். முதல் படி, ஒன்றுமில்லை. மூன்றாவதில் தீ குட்டையாகிவிட்டது. ஐந்தாவதில் அணைந்தது. காற்று அடிக்கவில்லை. யாரும் ஊதவில்லை. சும்மா, விரல் வைத்து நசுக்கினாற்போல. புகைகூட மேலே போகவில்லை, பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகப் பார்த்தேன். அதே இடத்தில்தான் அந்தப் பிளாஸ்டிக் தீ எரிந்துகொண்டிருந்தது. அது எரியும். பிணத்தின் பக்கத்தில் வைத்தாலும் எரியும்.

பின்பக்கத்துச் சின்னக் கதவையும் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி ஏற்றிப் பார்த்து, கிளறினேன். வண்டியிலேயே கிடந்த கருப்புத் திராட்சையையும் நசுக்கி ஒரு காலிச் சாடியில் போட்டேன். கடைசிப் பெரிய சாடியில் காடி வாடை பிடித்துவிட்டது. கைகள் முழங்கை வரை சிவப்பாக நான் வெளியே வந்தபோது வாஷா முற்றத்தில் நின்றார்.

அக்டோபர் 9

டெக்லா கூப்பிட்டாள்.

"அம்மா, நான் அனுப்பின அந்த மெழுகுவர்த்தி எல்லாம் எங்கே?"

"எந்த மெழுகுவர்த்தி?"

"பேட்டரி போட்டது" என்றாள்.

"அலமாரியில இருக்கு."

"மூணும்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. நான் பெற்ற பெண்ணிடம் பொய் சொல்லி முடித்தபோது என் வாயையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்டோபர் 10

பேசோ எழுதிவிட்டார். ஒரு நட்சத்திரம். வீட்டுக்காரர் குடிபோதையில் இருந்தார், எரியாத மெழுகுவர்த்தியை எரிகிறது என்று சொல்லி என் மகளை உள்ளே அனுப்பினார் என்று. ஊரில் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

வாஷா வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கவாத்துக் கத்தியையும்.

"எதுக்கு?"

"என் கண்ணு இல்லாததைக் காட்டுது லமாரா. ரோட்டுல யாரையாவது ஏத்திடுவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சாவியை வாங்கிக்கொண்டேன். வாங்கி ஆணியில் மாட்டினேன். நான் மனுஷிதானா?

அக்டோபர் 11

நர்கிஸா வந்தாள். சனிக்கிழமை அவள் மகன் கல்யாணம். வசந்த காலத்திலேயே வாஷாதான் தமதா என்று சொல்லிவைத்தது. பத்து நிமிஷம் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு:

"லமாரா, கோச்சுக்காதே. பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க. வாஷாவுக்கும் ஓய்வு வேணுமில்ல? சிக்நாகியிலேருந்து எங்க வீட்டுக்காரரோட மச்சான் வர்றான், அவனும் ஏதோ பேசுவான்..."

கூடத்திலிருந்து வாஷா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்தார். "நல்லது நர்கிஸா. அவனுக்குக் கணீர்னு குரல். நல்லா நடத்துவான்" என்றார். நர்கிஸா அழுதுவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மூச்சு கொடுத்தவள் அவள். எனக்கும் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

அவள் போன பிறகு சுவரில் மாட்டியிருக்கும் கொம்புக் கோப்பையை எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அவர் அப்பாவின் கொம்பு. சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெள்ளைத் தடம் இருக்கிறது.

அக்டோபர் 12

சொல்லிவிட்டேன்.

காலையில் முசுக்கொட்டை மரத்தடி பெஞ்சில் கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதை வைத்துப் பொத்தானை அமுக்கினேன்.

"என்ன இது?"

"கடைசிப் படியில எரிஞ்சது."

புரியவில்லை. கையில் எடுத்தார். விரலைத் தீயில் வைத்தார். பிளாஸ்டிக். நசுக்கிப் பார்த்தார், அது பாட்டுக்கு எரிந்தது. அடியில் பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்தார். ஏற்றினார். அணைத்தார். ஏற்றினார்.

"நான் பார்த்தேனே" என்றார்.

"பார்த்தீங்க வாஷா. இதைத்தான் பார்த்தீங்க. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் மாத்தி வச்சேன். கதவையும் நான்தான் சாத்தினேன். அன்னிக்கு விருந்துல சொல்லிச் சிரிக்கலாம்னு..."

"அந்தத் தம்பி வந்து கேட்டப்போ?"

"என் பையில இருந்தது."

"நர்கிஸா வந்தப்போ?"

"இருந்தது."

"சாவியைக் குடுத்தேனே?"

திட்டுவார் என்று நினைத்தேன். கை நீட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "ஆறு நாள்" என்றார். அவ்வளவுதான். எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

நான் முகம் கழுவிக்கொண்டு நர்கிஸா வீட்டுக்குப் போனேன். சமையல் கட்டில் பதினைந்து பெண்களாவது இருப்பார்கள், நாளைக்குக் கத்தரிக்காய் வாட்டி வால்நட் விழுது தடவிச் சுருட்டிக்கொண்டு. மேசையில் விழுதுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து ஏற்றினேன். "இதைப் பாருங்க எல்லாரும்" என்றேன். "வாஷா குடிக்கலை. பொய் சொல்லலை. இது எரியறதைப் பார்த்துட்டுத்தான் வாங்கன்னு சொன்னார். வச்சது நான். எடுத்து ஒளிச்சதும் நான்."

நர்கிஸா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை எடுத்துப் பார்த்தாள்.

"அடிப் பாவி" என்றாள். மெதுவாகத்தான். "நேத்து நான் வந்து அந்த மனுஷன் மூஞ்சியில அடிச்சிட்டுப் போறேன், நீ பார்த்துட்டு நின்னே?"

"நின்னேன்."

"வாயில என்ன வச்சிருந்தே?"

யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானாக ஒரு கத்தரிக்காய் தட்டை இழுக்கப் பார்த்தேன். பக்கத்திலிருந்த பெண் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரியைப் போனில் கூப்பிட்டேன். திங்கட்கிழமை வந்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னான். டெக்லாவைக் கூப்பிட்டேன், இரண்டு பேரும் அழுதோம். பேசோவுக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். நம் பக்கத்தில் அவர் எழுதியதற்குக் கீழேயும் எல்லாரும் படிக்கும்படி அதையே போடும்படி டெக்லாவிடம் சொல்லியிருக்கிறேன். கொடியில் காய்ந்திருந்த ஏழு பருப்புச் சரத்தைக் கழற்றித் தாளோடு வைத்துக் குத்தாயிசி போகிற வேனில் கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 13

நர்கிஸா காலையிலேயே ஓடி வந்து வாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள்தான் நடத்தவேண்டும் என்றாள். "வர்றவனை அவமானப்படுத்தாதே. நான் விருந்தாளியா வர்றேன்" என்றார். போனோம். வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னால் நடந்தார்.

சிக்நாகிக்காரன் நன்றாகத்தான் நடத்தினான். பிள்ளைகளுக்காகக் குடிக்கிற முறை வந்தது. அவன் கோப்பையை உயர்த்தினான், நிறுத்தினான், பிறகு நம் வழக்கப்படி பேச்சை இன்னொருவர் கையில் கொடுத்தான். "இதை வாஷா அண்ணன் சொல்லட்டும்."

வாஷா எழுந்தார். கொம்பு இல்லை, சாதாரணக் கண்ணாடிக் குவளைதான். அரை மணி நேரம் பேசுவார் என்று எல்லாரும் நாற்காலியில் சரியாக உட்கார்ந்தார்கள்.

"குத்தாயிசியில ஒரு குட்டிப்பொண்ணு இந்த நேரத்துக்கு மூச்சு விட்டுக்கிட்டிருக்கா. அதைவிடப் பெரிசா எனக்குச் சொல்லத் தெரியலை. அவளுக்கு."

குடித்தார். உட்கார்ந்தார். முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். வாஷா என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 16

வாஷா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். கொம்பு இன்னும் பெட்டிக்குள்தான். சாடிகளை நான்தான் கிளறுகிறேன்.

அக்டோபர் 18

ஹாத்தியா கூப்பிட்டாள். நுத்சா நன்றாக இருக்கிறாள். வால்நட் சரத்தை ஒரே மூச்சில் தின்றுவிட்டு, கொம்புப் பெரியப்பாவுக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்டாளாம். ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லையாம்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலை லமாரா. உண்மையைச் சொல்லிட்டீங்க இல்ல, அதுக்குக் கூப்பிட்டேன்" என்றாள்.

பேசோ, குடிபோதை என்ற வார்த்தையை எடுத்துவிட்டார். ஒரு நட்சத்திரம் அப்படியேதான் இருக்கிறது. நியாயம்தான்.

அக்டோபர் 20

அன்று காலை வாஷா கொண்டுவந்த கருப்புத் திராட்சை மட்டும் இன்னும் லேசாகப் பொங்குகிறது. மதியம் நான் கிளறுகோலை எடுத்துக்கொண்டு போனபோது மது அறைக் கதவு திறந்திருந்தது. வாஷா மேல்படியில் நின்றார். கையில் தகரக் குவளை, உள்ளே மெழுகுவர்த்தி, தீ. அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் நுனி கறுத்துக் கொப்புளமாக இருந்தது. ஒரு நாளில் வந்த கொப்புளம் இல்லை. நான் இல்லாத நேரம் பார்த்துத் தினமும் வந்திருக்கிறார்.

குவளையை என் பக்கம் நீட்டினார்.

"தொட்டுப் பாரு."

எட்டு நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. பார்த்தேன், விளையாட்டில்லை. விரலை நீட்டித் தீயில் வைத்தேன். உடனே எடுக்கக்கூடாது என்று தோன்றியது, எடுக்கவில்லை. அவர்தான் குவளையைப் பின்னால் இழுத்தார்.

"சுடுதா?"

"சுடுது."

"அப்ப வா."

அவர் குவளையோடு முன்னால் இறங்கினார், நான் கோலோடு பின்னால். ஐந்தாவது படியில் வைத்தார். எரிந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் கிளறினோம். விரலில் வெண்ணெய் தடவியிருக்கிறேன். பேனாவை நடுவிரலால் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.